ஒன்பது என்று எழுதினேன்

இந்த வருடம் எங்கள் மிஷனிலிருந்து தொண்டுக்கு ஏழு பேர் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். எந்த ஊசி எப்போது போடுவது, மலேரியாக் குளிசையை எப்படி எடுப்பது, என்ன சப்பாத்து கொண்டுபோவது, எல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். பிள்ளைகளோடு பழகும் முறை பற்றி ஒரு சனிக்கிழமை முழுக்க வகுப்பும் இருக்கிறதாம். எங்கள் காலத்தில் ஒரு ஜெபமும் ஒரு கொசுவலையும்தான் தந்து அனுப்பினார்கள். நான் அனுபவசாலி என்பதால் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அனுபவசாலி என்றால் நிறையப் பிழை விட்டவர் என்று அர்த்தம். அதை மரியாதையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

என் பிழைகள் எல்லாவற்றையும் எழுத நாலு பக்கம் காணாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்து கிங்ஸ்பரியில் குடியேறி, ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவேடுகள் வைக்கும் பகுதியில் வேலை செய்தேன். கலியாணம் கட்டவில்லை. எங்கள் மிஷன் ஸிம்பாப்வேயின் கிழக்கு எல்லையில் ஒரு பிள்ளைகள் இல்லம் நடத்துகிறது, அங்கே பதிவு வேலைக்கு ஆள் வேண்டும் என்று வேதக்கோயிலில் அறிவித்தார்கள். சம்பளமில்லாத ஆறு மாத லீவு எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு அக்கா அசல் சைவம். "யேசுவுக்காக இல்லை, உமக்காகத் தாறன்" என்று சொல்லி இரண்டு பெட்டி நிறையக் கம்பளிச் சட்டை கட்டித் தந்தா.

எல்லைக்கு அப்பால் மொசாம்பிக். அங்கே சண்டை. மலை தாண்டி வருகிற கூட்டத்தில் தாய் தகப்பனைத் தவறவிட்ட பிள்ளைகள் இருப்பார்கள். பத்து வயதுக்குக் குறைந்தவர்களை எங்கள் இல்லத்தில் வைத்திருக்க அரசாங்கம் அனுமதித்திருந்தது. பத்துக்கு மேற்பட்டவர்கள் அகதி முகாமுக்குப் போக வேண்டும். முகாமை நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கூடாரம், சேறு, தண்ணீருக்கு நீண்ட வரிசை. தனியாக இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு அங்கே என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. நானும் ஒரு சண்டை நாட்டிலிருந்து வந்தவள்தானே.

இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் வேல்ஸ் நாட்டு மேட்ரன். மெலிந்த மனுஷி, சிரிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைத்திருந்தார். முதல் நாளே என் முன்னால் ஒரு பேனாவையும் பென்சிலையும் வைத்தார். நிச்சயமாகத் தெரிந்ததைப் பேனாவால் எழுது, ஊகத்தைப் பென்சிலால் எழுது, தெரியாததை வெறுமையாக விடு என்றார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஊறின எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அங்கே வந்திருந்த தொண்டர்களில் பிள்ளைகளோடு தரையில் இருந்து கையால் சாப்பிட்டது நான் ஒருத்திதான். சட்சா என்று சோளமாவில் கிண்டுவார்கள், எங்கள் களி மாதிரி. வெள்ளைக்காரர்கள் கரண்டியோடு மல்லுக்கட்ட, நான் உருட்டிக் குழம்பில் தொட்டு வாயில் போட்டதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்கே நான் அவர்களுடைய அன்ரி ஆகிவிட்டேன். மற்றவர்களுக்குச் சொல்லாததை எல்லாம் எனக்குச் சொன்னார்கள்.

அப்படித்தான் மரியாவும் தன் வயதைச் சொன்னாள்.

வந்து நாலு நாள்தான் இருக்கும். எலும்பும் தோலுமாக, கண் மட்டும் பெரிதாக இருந்தாள். பார்த்தால் எட்டு வயதுக்கு மேல் யாரும் மதிக்க மாட்டார்கள். எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, பத்து விரலையும் காட்டினாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். பன்னிரண்டு. சந்தேகமே இல்லாமல், கெட்டிக்காரப் பிள்ளை கணக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

இனி நான் செய்ததை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருப்பார்களோ தெரியாது. வயது என்பது எங்கள் ஊரில் ஒரு வசதி. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரோடு பேசி இரண்டு வயது குறைப்பார்கள், பிறகு உத்தியோகத்தில் இரண்டு வருடம் கூட இருக்கலாம் என்று. என் அப்பா என் பிறப்பையே இரண்டு வருடம் கழித்துத்தான் போய்ப் பதிந்தார். லண்டனில் எனக்குத் தெரிந்த எத்தனையோ பேருக்கு இரண்டு பிறந்தநாள், ஒன்று பாஸ்போர்ட்டுக்கு, மற்றது கேக் வெட்ட. இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைப்பதில்லை. பெற்றவர்கள் பிள்ளைக்குச் செய்கிற உதவி.

மரியாவைப் பெற்றவர்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன். அவள் கைகளைப் பிடித்து, பத்து விரலையும் விரித்து வைத்து, ஒன்றை மடக்கினேன். ஒன்பது. அவள் தலையை ஆட்டி, திரும்பவும் பத்தும் இரண்டும் காட்டினாள். நான் திரும்பவும் மடக்கினேன். வெளியே முகாமுக்குப் போகிற லொறி நின்றது. அதைச் சுட்டி, பத்து விரலும் இரண்டு விரலும் காட்டினேன். பிறகு இல்லத்துக் கட்டில்களைச் சுட்டி, ஒன்பது விரல் காட்டினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. ஒன்பது விரலைத் தானாகவே காட்டினாள்.

நான் பதிவேட்டில் ஒன்பது என்று எழுதினேன். பேனாவால் எழுதினேன்.

அந்த ஆறு மாதத்தில் மொத்தம் ஐந்து பிள்ளைகளுக்கு அப்படி எழுதினேன். ஐந்து பேரும் வெள்ளைத் துப்பட்டி விரித்த கட்டிலில் படுத்தார்கள், காலையில் பள்ளிக்கூடம் போனார்கள். லண்டனுக்கு விமானம் ஏறும்போது என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான் என்று நினைத்தேன். அவ்வளவு பெருமை.

திரும்பி வந்த பிறகும் மிஷன் வேலையை விடவில்லை. பின்னேரங்களில் லண்டன் அலுவலகத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் அட்டைகளைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. பெயர், வயது, ஊர், வந்த நாள். வயதுப்படி இழுப்பறைகளில் அடுக்கி, வருடா வருடம் அடுத்த இழுப்பறைக்கு மாற்றுவோம். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்ததும் நான்தான்.

ஒரு ஐப்பசியில் கடிதம் ஒன்று வந்தது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக் கொடுக்கும் ஒரு தொண்டு அலுவலகம் அனுப்பியது. எல்லையோர முகாமில் ஒரு தாய் தன் மகளைத் தேடுகிறாள். பெயர் மரியா. பிரியும்போது வயது பன்னிரண்டு, இப்போது பதின்மூன்று இருக்கும். ஊரின் பெயரும் இருந்தது. உங்கள் இல்லத்துக்கு எங்கள் ஆள் நேரில் போய்ப் பார்த்தார், பொருத்தமான பிள்ளை இல்லை, இருந்தாலும் உங்கள் அட்டைகளையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஒட்டிய இழுப்பறைகளை இழுத்துப் பார்த்தேன். அவற்றில் இருந்தவர்கள் சிறு வயதில் வந்து இல்லத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் சிலர். ஒரு மரியாவும் இல்லை. பத்து வயது இழுப்பறையில் மூன்று மரியா இருந்தார்கள், அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மரியா. மூன்று அட்டைகளிலும் வேறு ஊர்கள். 'அப்படி ஒரு பிள்ளை எங்களிடம் இல்லை' என்று தட்டச்சில் அடித்து, கையெழுத்து வைத்து, அன்றைக்கே தபாலில் போட்டேன். மிகவும் சுறுசுறுப்பான பெண் நான்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் அந்தப் பத்து விரலும் இரண்டு விரலும் ஞாபகத்துக்கு வந்தன.

ஞாபகம் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். நீங்கள் நம்புவீர்கள். ஆனால் வந்தது. அடுத்த நாளே போய் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஊர் வேறாக இருந்தது உண்மை. ஆனால் பிள்ளைகள் தங்கள் குறிச்சியின் பெயரைச் சொல்வார்கள், பெரியவர்கள் பக்கத்துப் பட்டணத்தின் பெயரைச் சொல்வார்கள். கிங்ஸ்பரியில் இருந்துகொண்டு ஊருக்கு எழுதும்போது நானே லண்டன் என்றுதானே எழுதுகிறேன்? தாய் தேடுவது இந்த மரியாவையாக இருக்கலாம். ஒரு கடிதம் போட்டால் தெரிந்துவிடும்.

அந்தக் கடிதத்தை நான் போடவில்லை. போட்டால் வயதைப் பொய்யாகப் பதிந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்குச் சொன்னால் மற்ற நாலு பேரையும் கேட்பார்கள். ஐந்து பேரையும் லொறியில் ஏற்றுவார்கள், இல்லத்தின் அனுமதியே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. என்னை எல்லாரும் நல்ல மனுஷி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. நத்தார்ப் பண்டிகை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டேன்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அப்படியே போனது.

அந்த நாட்களில் சனிக்கிழமைகளில் ஹரோவில் தமிழ் வகுப்பும் எடுத்தேன். மார்கழி தொடக்கத்தில் பேச்சுப்போட்டிக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தோம். ஒரு தாய் படிவத்தை நிரப்பிக்கொண்டே என் காதுக்கு அருகில் குனிந்தா.

"அன்ரி, மகளுக்கு ஒரு வயது குறைச்சுப் போடட்டே? கீழ்ப்பிரிவில விட்டால் முதலாம் பரிசு அவளுக்குத்தான்."

"உள்ளதைப் போடுங்கோ!"

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன். அந்தத் தாயின் முகம் சுருங்கிப்போனது. பாவம், பகிடி மாதிரித்தான் கேட்டா. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் மிஷன் செயலாளரின் வீடும் ஹரோவில்தான், நடந்து போகிற தூரம். மலேசியாத் தமிழர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வாசலில் செடி வெட்டிக்கொண்டு நின்றார். அங்கேயே, கத்தரிக்கோலை அவர் கையில் வைத்திருக்கும்போதே, எல்லாவற்றையும் கொட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன். உண்மையில் ஏச்சு வாங்கத்தான் போனேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தத் தாய் இப்ப எங்கம்மா இருக்காங்க?"

"முகாமிலதான். எங்கட இல்லத்தில இருந்து பஸ்ஸில அரை நாள்."

"நீங்க இல்லைன்னு எழுதி எத்தனை நாளாச்சு?"

"ஆறு கிழமை."

"தப்புதான், ஆமா. அதை அப்புறம் பேசலாம். உள்ள வாங்க, முதல்ல போன் போடுறேன்."

அன்றைக்கு இல்லத்துக்கு லைன் கிடைக்க இரண்டு மணித்தியாலம் சென்றது. அவருடைய மனைவி வைத்த தேத்தண்ணி என் முன்னால் ஆறிப்போனது. மேட்ரன் மறு முனையில் எல்லாம் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் தானே முகாமுக்குப் போவதாகச் சொன்னார். போனார். புதன்கிழமை செயலாளர் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

தாய் அங்கே இல்லை. என் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். லண்டனிலும் பார்த்துவிட்டார்கள், இந்தப் பக்கம் உன் பிள்ளை இல்லை என்று. அப்படியென்றால் பிள்ளை இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். பதினெட்டு நாளுக்கு முன்னர், திரும்பிப் போகிற சிலரோடு சேர்ந்து, மலை தாண்டிப் போய்விட்டாள். சண்டை நடந்த இடத்துக்குள், பிள்ளையைத் தேடி.

அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சமாதானம் வந்த பிறகும் தேடினோம். வருகிற பட்டியல் எல்லாவற்றையும் நானே விரல் வைத்து வாசித்தேன். இல்லை.

இதையும் கேளுங்கள். செயலாளர் ஐந்து பிள்ளைகளின் உண்மை வயதையும் எழுதி அங்குள்ள அதிகாரிகளுக்கு அனுப்பினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. பிள்ளைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். லொறி வரவில்லை, அனுமதி போகவில்லை. நான் ஆறு கிழமை பயந்துகொண்டிருந்த எதுவுமே நடக்கவில்லை.

மேட்ரன் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். திட்டி ஒரு சொல் இல்லை, பேனாவைப் பற்றியும் இல்லை. மரியாவைக் கூப்பிட்டு வயது கேட்டாராம். ஒன்பது என்றாளாம். வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, பொய்க் கணக்கின்படி பார்த்தாலும் பத்து என்றாவது சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லலாம், லண்டன் அன்ரி சொல்லிவிட்டா என்றதும் பத்து விரலும் மூன்று விரலும் காட்டினாளாம். பிறகு, லொறி எப்போது வரும் என்று கேட்டாளாம். உன் அம்மா தேடி வந்தாள், எங்கள் பதிவில் ஒரு பிழை நடந்துவிட்டது என்று மேட்ரன் அவளுக்குச் சொல்லியிருந்தார். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நீ என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தார்.

நான் சொல்லவில்லை. செயலாளருக்குச் சொல்லிவிட்டேன், ஜெபத்தில் சொல்லிவிட்டேன், அது போதும் என்று வைத்துக்கொண்டேன். மரியாவுக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் கார்ட் அனுப்பினேன். நன்றாகப் படி, கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறதா, இப்படி. அவளும் ஒழுங்காகப் பதில் போடுவாள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் மரியா லண்டனுக்கு வந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பயிற்சி எடுத்திருந்தாள். கோயில்களில் பேசுவதற்கு மிஷன் அவளை ஒரு மாதம் அழைத்திருந்தது. என் வீட்டில்தான் தங்கினாள். இருபத்திரண்டு வயது, என்னைவிட அரையடி உயரம். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்து, "என்ர சட்டை போட்ட பிள்ளையே இது?" என்று கன்னத்தைத் தடவினா.

மூன்றாம் நாள் மத்தியானம், என் குசினி மேசையில் இரண்டு பேரும் கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இங்கிலீஷில்தான் பேசினோம். நான் தைரியத்தை ஒன்றுசேர்த்து வாயைத் திறப்பதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"அன்ரி, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கன வருடமாக யாருக்கும் சொல்லாதது."

சொல்லு என்றேன்.

"நீங்கள் போன பிறகு ஒரு பெண் இல்லத்துக்கு வந்தாள். மண்ணிறப் பை வைத்திருந்தாள். மரியாக்கள் மூன்று பேரையும் வரிசையில் நிற்பாட்டி வயது கேட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. நான் ஒன்பது என்றேன். அவள் கொப்பியை மூடிவிட்டுப் போய்விட்டாள். அவள் என் அம்மாவுக்காக வந்தவள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்."

அந்தப் பெண் ஏன் காரணம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா தேடுகிறாள் என்று சொல்லிக் கேட்டால் அங்குள்ள எல்லாப் பிள்ளைகளும் நான்தான் என்று கை உயர்த்துவார்கள். அதனால் காரணம் சொல்லாமல்தான் விசாரிப்பார்கள்.

"மேட்ரன் பதிவில் பிழை என்று சொன்னார்," என்றாள் மரியா. "என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பதிவு பிழை இல்லை. நான்தான் வாயால் பொய் சொன்னேன். உங்கள் கார்ட் வரும்போதெல்லாம் எழுத நினைப்பேன். நீங்கள் எனக்குக் கட்டில் தந்தவர், கேட்டால் கவலைப்படுவீர்கள் என்று விட்டுவிடுவேன்."

என் கையில் சோறு காய்ந்துபோனது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு என்று நீ காட்டியது எனக்கு விளங்கியது. விரலை மடக்கியது நான். எழுதியது நான். இல்லை என்று கடிதம் போட்டது நான். தெரிந்த பிறகும் ஆறு கிழமை சும்மா இருந்தது நான்.

அவள் அழவில்லை. எழும்பிப் போய்க் கை கழுவினாள். தண்ணீர் கனநேரம் ஓடியது. திரும்பி வந்து கதிரையின் பின்னால் நின்றாள்.

"அப்படியென்றால், நான் இல்லையா?" என்றாள்.

"இல்லை, மகள். நீ இல்லை."

மாலையில் ஜன்னல் திரையை இழுத்து மூடும்போது திரும்பவும் கேட்டாள். "நான் இல்லை, என்ன?" போவதற்கு முதல் நாளும் கேட்டாள். மூன்று தரமும் அதே பதிலைச் சொன்னேன்.

என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கக்கூடாது என்கிற அறிவாவது அந்த வயதில் வந்திருந்தது.

பிள்ளைகளே, அங்கே போனால் உங்களுக்கும் இரக்கம் வரும், அது வரட்டும். ஆனால் ஒரு பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதை இரக்கத்துக்காக மாற்றி எழுதாதீர்கள். அது அவளிடம் மிஞ்சியிருக்கிற சொத்து, அதை வைத்துத்தான் அவளை யாராவது தேடுவார்கள். சட்டம் கொடுமையாக இருந்தால் உண்மை வயதை எழுதிவிட்டு மேட்ரனிடம் போய்ச் சண்டை பிடியுங்கள், மேலிடத்துக்கு எழுதுங்கள், லொறியின் முன்னால் நின்று கத்துங்கள். அதில் எதையும் நான் செய்து பார்க்கவில்லை. பேனாவை எடுப்பது சுலபமாக இருந்தது.

பிழை விடுவீர்கள். விட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். மேலதிகாரிக்குச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், அந்தப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அது பிழையைத் தன்மேல் போட்டுக்கொள்ளும். நான் மரியாவுக்கு எட்டு நத்தார் கார்ட் அனுப்பினேன். உன்னில் பிழை இல்லை என்று ஒரு வரி எழுத எட்டிலும் இடம் இருந்தது.

மரியா இப்போது அங்கே ஒரு பாலர் பள்ளி நடத்துகிறாள். அவளுக்கும் பிள்ளைகள். போன நத்தாருக்கு எழுதியிருந்தாள். பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வயதைத் தாய் வந்து நேரில் சொன்னால்தான் பேனாவால் பதிவாளாம். தன்னிடம் யாராவது திடீரென்று வயது கேட்டால், இன்றைக்கும் முதலில் ஒன்பது என்றுதான் வாயில் வருகிறதாம்.